முடிவை ஏற்காத நெஞ்சங்களும் புனித வின்சென்ட் பெரரும்

நாடாளுமன்றம் முதல் ஊராட்சி வரை, கூட்டுறவுச் சங்கம் முதல் பங்குப்பேரவை வரை, தேர்தல் இல்லாத துறை இன்று நம் வாழ்வில் அரிது. வாக்குகள் எண்ணப்பட்டு முடிவு அறிவிக்கப்பட்டதும் வென்றவர் நன்றி கூறுவார். தோற்றவர் மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்பதாகச் சொல்வார். மேடையில் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. ஆனால் வீடுகளில் அது தீர்வதில்லை. மாமாவோ, சித்தப்பாவோ, மூத்த அண்ணனோ, ஒருவர் மட்டும் அம்முடிவை ஏற்க மறுக்கிறார். வாக்குப்பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று முன்பு சொன்னார். இயந்திரம் ஏமாற்றிவிட்டது என்று இன்று சொல்கிறார். மாதங்கள் கழிந்தும் அவர் பேச்சு மாறுவதில்லை. திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் அதே வழக்கு எழுகிறது. நாம் அவரோடு வாதிட்டுப் பார்க்கிறோம். பிறகு எள்ளி நகையாடுகிறோம். இறுதியில் அவர் வரும் இடத்துக்குப் போவதையே தவிர்க்கிறோம்.

இம்மூன்றையும் விடச் சிறந்த வழி ஒன்று உண்டா? இக்கேள்விக்கு மறுமொழி தேடும்போது நம் சொந்தத் திருச்சபையின் வரலாறே நமக்குக் கை கொடுக்கிறது. ஏனெனில், ஒரு தேர்தலின் முடிவை ஏற்காததால் கிறிஸ்தவ ஐரோப்பா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிளவுண்டு கிடந்தது. அப்பிளவின் நடுவே, தமக்கு மிக வேண்டியவராயிருந்த ஒருவர் முடிவை ஏற்க மறுத்தபோது, அவரிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்று தவித்தவர் ஒரு புனிதர். இறக்கைகளோடும், வானை நோக்கி நீட்டிய விரலோடும் சித்திரிக்கப்படும் சாமிநாதர் சபைத் துறவியான புனித வின்சென்ட் பெரரே அவர்.

ஐயம் பிறந்த விதம்

அவிஞ்ஞோன் நகரில் நீண்ட காலம் தங்கிவிட்ட திருத்தந்தையரின் இருக்கையை 1377-இல் மீண்டும் உரோமைக்குக் கொண்டுவந்தவர் பதினோராம் கிரகோரி. மறு ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அவர் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க உரோமையில் கூடிய கர்தினால்கள் பதினாறு பேர். அவர்களுள் பெரும்பாலோர் பிரெஞ்சு நாட்டவர். மீண்டும் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால் திருத்தந்தை மறுபடியும் அவிஞ்ஞோனுக்குப் போய்விடுவார் என்று அஞ்சிய உரோமை மக்கள், உரோமையர் ஒருவரே வேண்டும், இல்லையேல் இத்தாலியராவது வேண்டும் என்று வெளியே கூச்சலிட்டனர். 1378 ஏப்ரல் 8-ஆம் நாள் பாரி நகரப் பேராயர் பர்த்தொலொமேயோ பிரிஞானோ தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறாம் உர்பான் என்னும் பெயர் பூண்டார்.

கர்தினால்கள் அவருக்கு முடிசூட்டினர், வணக்கம் செலுத்தினர், வாரங்கள் பல அவர் அருகிலேயே பணியாற்றினர். ஆனால் புதிய திருத்தந்தை கடுஞ்சினத்தவர். கர்தினால்களின் ஆடம்பர வாழ்வை வெளிப்படையாக இடித்துரைத்தார். மனம் கசந்த அவர்கள் ஒவ்வொருவராக நகரை விட்டு நீங்கி அனாஞ்ஞியில் கூடினர். கும்பலுக்கு அஞ்சியே வாக்களித்தோம், ஆதலால் அத்தேர்தல் செல்லாது என்று ஆகஸ்டு மாதம் அறிவித்தனர். செப்டம்பர் 20-ஆம் நாள் போந்தி நகரில் பிரெஞ்சு அரசரின் உறவினரான ஜெனீவா ராபர்ட்டைத் தேர்ந்தெடுத்தனர். ஏழாம் கிளமெந்து என்று பெயர் கொண்ட அவர் அடுத்த ஆண்டு அவிஞ்ஞோனுக்குச் சென்று அமர்ந்தார். பெரும் பிளவு பிறந்தது.

இங்கே நாம் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். கும்பலின் கூச்சல் மெய், அச்சமும் மெய். ஆகவே ஐயத்துக்கு இடமே இல்லை என்று ஒருவரும் கூற முடியாது. அதே வேளையில், அவ்வையம் முடிசூட்டு நாளன்று வெளிப்படவில்லை. புதியவரின் ஆட்சி தங்களுக்குக் கசந்த பின்னரே வெளிப்பட்டது. முடிவு பிடிக்காமற்போகும்போது, நடந்த முறையும் பிழையாகத் தோன்றத் தொடங்குகிறது. மனித நெஞ்சின் இவ்வியல்பு கர்தினால்களுக்கு மட்டும் உரியதன்று.

ஐரோப்பா இரண்டாகப் பிரிந்தது. இத்தாலியின் பெரும்பகுதியும் இங்கிலாந்தும் செருமானியப் பேரரசும் உரோமையின் பக்கம். பிரான்சும் ஸ்காத்துலாந்தும், பின்னர்க் கஸ்தீலும் அரகோனும் அவிஞ்ஞோனின் பக்கம். சியன்னா நகர்ப் புனித கத்தரீன் உர்பானுக்காகவே மன்றாடி, எழுதி, உழைத்து, 1380 ஏப்ரலில் உரோமையில் உயிர் நீத்தார். அதே 1380-இல் வலேன்சியா நகரின் இளந்துறவி வின்சென்ட் பெரர், கிளமெந்தே மெய்யான திருத்தந்தை என்று வாதிட்டு ஒரு நூல் எழுதி, அரகோன் அரசருக்குக் காணிக்கையாக்கினார். இரு புனிதர்கள், ஒரே சாமிநாதர் குடும்பத்தின் பிள்ளைகள், எதிரெதிர் அணிகள். திருச்சபையின் திருத்தந்தையர் வரிசை இன்று உர்பானையே மெய்யானவராகக் கொள்கிறது. வின்சென்ட் நின்ற அணி பிழையானது. மாறான கருத்துடைய உறவினரைத் தீயவர் என்று முத்திரை குத்துமுன் நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

தமக்கு வேண்டியவர்

1378 தேர்தலில் வாக்களித்த பதினாறு பேருள் பெத்ரோ தெ லூனா என்னும் அரகோன் நாட்டுக் கர்தினாலும் ஒருவர். உயர்குடிப் பிறப்பினர், திருச்சபைச் சட்டத்தில் பெரும்புலமை உடையவர், வாழ்வில் ஒழுக்கம் தவறாதவர். உர்பானின் தேர்தல் செல்லும் என்றே முதலில் கருதியவர். அனாஞ்ஞிக்குச் சென்ற கர்தினால்களுள் பிந்திச் சென்றவர். ஆனால் மனம் மாறிய பின்னர் அவரைப்போல் உறுதியாக நின்றவர் எவருமிலர்.

1394-இல் கிளமெந்து இறந்தார். அவிஞ்ஞோன் கர்தினால்கள் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்குமுன் ஓர் உறுதிமொழி எடுத்தனர். தேர்ந்தெடுக்கப்படுபவர் ஒற்றுமைக்காக எல்லாம் செய்வார். தேவையெனில் பதவியையும் துறப்பார் என்பது அதன் சாரம். பெத்ரோ தெ லூனாவும் அதில் கையொப்பமிட்டார். அவரே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதின்மூன்றாம் பெனடிக்ட் ஆனார். ஆனபின், பதவியைத் துறப்பது மட்டும் தம்மால் இயலாது என்றார்.

அவர் தம் நாட்டவரான வின்சென்டை அழைத்துத் தம் பாவமன்னிப்புக் குருவாக வைத்துக்கொண்டார். ஆயர் பதவியும் கர்தினால் பதவியும் தர முன்வந்தார். வின்சென்ட் அவற்றை ஏற்கவில்லை. 1398-இல் பிரான்சு பெனடிக்டுக்குக் கீழ்ப்படிய மறுத்தது. அவிஞ்ஞோன் அரண்மனை முற்றுகையிடப்பட்டது. வின்சென்ட் அரண்மனையை விட்டுத் தம் சபை மடத்துக்குச் சென்றார், கடும் நோயுற்றார், நோய் நீங்கியபின், 1399-இன் இறுதியில், ஊர் ஊராக மறையுரை ஆற்றும் பணிக்குப் புறப்பட்டார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் அவர் நடந்துகொண்டே இருந்தார். அரண்மனையை விட்டாரேயன்றி, அரண்மனையிலிருந்த மனிதரை அவர் விடவில்லை. பெனடிக்டைப் பழித்துரைக்கவில்லை; அவரிடம் பேசும் உரிமையையும் இழக்கவில்லை. பெனடிக்டோ 1403 மார்ச்சில் முற்றுகையிலிருந்து தப்பினார்.

1409-இல் பீசா நகரில் கூடிய சங்கம் உரோமையிலிருந்தவரையும் பெனடிக்டையும் நீக்கி, மூன்றாம் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. முன்னவர் இருவரும் அதை ஏற்காததால் உரிமை கொண்டாடுவோர் மூவராயினர்.

சிற்றப்பாவும் அக்காள் மகனும்

இக்குழப்பத்தின் நடுவே அரகோன் நாட்டிலேயே இன்னொரு தேர்தல் நடைபெற்றது. இது அரச குடும்பத்துக்குள் நடந்த வழக்கு. 1410-இல் மார்ட்டின் அரசர், பட்டத்துக்குரிய மகன் இன்றி இறந்தார். உரிமை கோரியவர்களுள் இருவர் முதன்மையானவர். ஒருவர் அரசரின் தங்கை மகன் பெர்தினாந்து. மற்றவர் உர்கெல் கோமகன் ஜேம்ஸ். அரசரின் மாற்றாந்தாய் மகளான இசபெல்லை மணந்தவர். நம் உறவுமுறைப்படி சொன்னால், ஜேம்ஸ் பெர்தினாந்துக்குச் சிற்றப்பா முறை.

இரண்டாண்டுகள் அரியணை வெறுமையாகக் கிடந்தது. சரகோசா பேராயர் 1411-இல் ஜேம்ஸ் ஆதரவாளர் ஒருவரால் வழியில் கொல்லப்பட்டார். இறுதியில் அரகோன், கட்டலோனியா, வலேன்சியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்தும் மும்மூவராக ஒன்பது நடுவர்கள் காஸ்பே என்னும் ஊரில் கூடினர். ஒருவர் வெல்ல ஆறு வாக்குகள் வேண்டும்; அவற்றுள் நாட்டுக்கு ஒன்றேனும் இருக்க வேண்டும் என்பது விதி. வின்சென்டும் அவருடைய உடன்பிறந்தாரான கர்த்தூசியத் துறவி பொனிபாசும் நடுவர்களாயிருந்தனர். பெர்தினாந்து ஆறு வாக்குகள் பெற்றார். 1412 ஜூன் 28-ஆம் நாள் முடிவை மக்களுக்கு அறிவித்தவர் வின்சென்ட்.

ஜேம்ஸ் தூதர் வழியாக முதலில் வணக்கம் தெரிவித்தார். ஆனால் நெஞ்சு ஆறவில்லை. அரியணை, இல்லையேல் ஒன்றுமே வேண்டாம் என்று அவருடைய தாய் மார்கரீத்தாள் தூண்டியதாகக் கட்டலான் மக்களிடையே கதை வழங்குகிறது. 1413-இல் அவர் படை திரட்டினார். பாலகேர் நகரில் முற்றுகையிடப்பட்டார். அப்போது இசபெல் கோட்டையை விட்டு வெளியே வந்து, தம் தமக்கை மகனின் பாசறைக்குச் சென்று, கணவரின் உயிருக்காக மன்றாடினார். உயிர் தரப்பட்டது, வேறொன்றும் தரப்படவில்லை. உடைமைகள் பறிக்கப்பட்டன. ஜேம்ஸ் சிறையிலேயே இருபது ஆண்டுகள் வாடி, 1433-இல் ஷாத்திவா கோட்டையில் இறந்தார். நற்பேறற்றவர் என்னும் அடைமொழியோடு கட்டலான் மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர். நடுவர் தீர்ப்பு அரியணைக்கு ஆள் தந்தது. குடும்பத்துக்கு அமைதி தரவில்லை.

தனியே, சாட்சிகளோடு, சபையறிய

1414-இல் கான்ஸ்தன்ஸ் நகரில் பொதுச்சங்கம் கூடியது. மறு ஆண்டு மே மாதம், பீசா வழிவந்த ஜான் பதவி நீக்கம் பெற்றார். ஜூலை மாதம், உரோமை வழிவந்த பன்னிரண்டாம் கிரகோரி தாமே பதவி துறந்தார். எஞ்சியவர் பெனடிக்ட் ஒருவரே.

அவரை இணங்க வைக்க நடந்த முயற்சிகள் கொஞ்சமல்ல. 1414 கோடைக்காலத்தில் மொரேயா என்னும் ஊரில் பெர்தினாந்து அரசரும் வின்சென்டும் அவரோடு வாரக்கணக்கில் பேசினர். 1415 செப்டம்பரில் பேரரசர் சிகிஸ்மந்தே பெர்ப்பிஞான் நகருக்கு வந்தார். நோயுற்றிருந்த பெர்தினாந்தும் வந்தார், வின்சென்டும் வந்தார். எண்பது வயதைக் கடந்திருந்த பெனடிக்ட் தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். அவர் வாதம் கூர்மையானது. பிளவுக்கு முன்னரே கர்தினால் ஆனவர்களுள் உயிரோடிருப்பவர் தாம் ஒருவரே. மற்றக் கர்தினால்கள் அனைவரும் பிளவுக்குப் பின் வந்தவர்கள், ஐயத்துக்குரியவர்கள். எனவே ஐயமின்றித் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உலகில் தமக்கு மட்டுமே உண்டு என்றார். சட்ட நூலில் இதற்கு மறுப்புத் தேடுவது கடினம். உலகம் முழுவதும் தவறி, தாம் ஒருவர் மட்டும் சரியாயிருக்கும் இடத்துக்குத் தம் வாதம் தம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டதை மட்டும் அவர் காணவில்லை.

பேச்சு முறிந்தது. பெனடிக்ட் கடலை ஒட்டிய பாறைமேல் அமைந்த பெனீஸ்கோலா கோட்டைக்குச் சென்றுவிட்டார். அங்கும் தூதர் அனுப்பப்பட்டனர். முறைப்படியான வேண்டுகோள் மும்முறை விடுக்கப்பட்டது. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு, பின் ஓரிருவரை உடன் கொண்டு பேசு, பின் சபையிடம் சொல் என்று மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டும் வழியே இங்கு நம் நினைவுக்கு வருகிறது.

1416 ஜனவரி 6, மூவிராசாக்கள் திருநாள். பெர்ப்பிஞானில் திரண்டிருந்த மக்கள் முன், அரகோன் நாடு பெனடிக்டுக்குக் கீழ்ப்படிவதை நிறுத்திக்கொள்கிறது என்னும் அரச ஆணையை வாசித்தவர் வின்சென்ட் பெரர். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இவ்வணிக்காக நூல் எழுதிய அதே கை. பெனடிக்டுக்குப் பாவமன்னிப்பு வழங்கிய அதே நா. அரசரும் பெனடிக்டுக்குக் கடன்பட்டவர்தாம். காஸ்பேயில் அவர் வெற்றிக்கு பெனடிக்டின் ஆதரவு பெருந்துணை. நன்றிக்கடன் பெரிது, எனினும் அக்கடனுக்காகத் திருச்சபையின் ஒற்றுமையை ஈடு கொடுக்க இருவருக்கும் உரிமையில்லை. வின்சென்ட் இல்லாமல் இவ்வொற்றுமை கைகூடியிராது என்னும் கருத்துப்படப் பாரிஸ் பல்கலைக்கழக வேந்தர் ழான் கெர்சோன் பின்னர் அவருக்கு மடல் எழுதினார்.

1378-இல் யார் பக்கம் நீதி இருந்தது என்ற கேள்வியை வின்சென்ட் மீண்டும் கிளறவில்லை என்பதை நாம் கருத வேண்டும். கொடுத்த உறுதிமொழியையும் மக்களின் ஒற்றுமையையும் முன்வைத்தே கீழ்ப்படிதல் விலக்கப்பட்டது. நம் வீடுகளிலும், எண்ணிக்கையைப் பற்றிய வாதம் எத்தனை ஆண்டானாலும் முடியாது. இம்முடிவை ஏற்காமலிருப்பதால் நம்மவர்க்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி மட்டுமே சில வேளைகளில் உள்ளே நுழையும்.

திறந்து வைத்த கதவு

பெனடிக்டின் உள்ளத்தில் அக்கேள்வியும் நுழையவில்லை. 1417-இல் சங்கத்தின் தூதர் வந்தபோது, மெய்யான திருச்சபை கான்ஸ்தன்ஸில் இல்லை, இப்பாறையில்தான் இருக்கிறது, இதுவே நோவாவின் பேழை என்று மறுமொழி தந்தார். அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் சங்கம் அவரை நீக்கியது. நவம்பர் 11-ஆம் நாள் ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகம் ஒரே திருத்தந்தையின்கீழ் வந்தபின்னும், தொண்ணூறைக் கடந்த கிழவர் பாறைமேல் தனியே ஆட்சி செய்தார். தன் பிடியை விடாதவனைத் தன் பதின்மூன்றிலேயே நிற்கிறான் என்று ஸ்பெயின் மக்கள் சொல்வர். அவ்வழக்கு பதின்மூன்றாம் பெனடிக்டிடமிருந்தே பிறந்தது என்று பலர் கருதுகின்றனர்.

அவர் பிடிவாதம் பிறருக்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. பெர்தினாந்தின் மகன் ஐந்தாம் அல்போன்சு அவருக்கு மீண்டும் கீழ்ப்படியவுமில்லை, அவரை வெளியேற்றவுமில்லை. நேப்பிள்ஸ் நாட்டின்மேல் கண் வைத்திருந்த அவ்வரசர், மார்ட்டினை மிரட்ட ஒரு கருவியாகக் கிழவரை வைத்துக்கொண்டார். தோல்வியை ஏற்காத ஒருவரின் பின்னால், அவர் வேதனையால் ஆதாயம் பெறும் வேறொருவர் பெரும்பாலும் இருக்கிறார். நம் சினம் எவர்மேல் பாய வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

1423-இல் பெனடிக்ட் இறந்ததாகக் கொள்வர். அவர் நியமித்த கர்தினால்கள் மூவர் கூடி கில் சாஞ்செசு முஞோசு என்பவரை எட்டாம் கிளமெந்தாகத் தேர்ந்தெடுத்தனர். நான்காமவரோ அதையும் ஏற்காமல், தாம் ஒருவராகவே வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார். ஏற்க மறுப்பது பழக்கமாகிவிட்டால் அது தன் கூட்டத்தையும் பிளக்கும்.

ஆனால் ஐந்தாம் மார்ட்டின் செய்தது வேறு. பதவி துறந்த கிரகோரியைச் சங்கம் முன்னரே கர்தினால் ஆயராக உயர்த்தி மதித்திருந்தது. சிறையிலிருந்து விடுபட்டு வந்து பணிந்த ஜானை மார்ட்டின் 1419-இல் மீண்டும் கர்தினாலாக்கினார். 1429-இல் பெனீஸ்கோலாவின் கிளமெந்தும் அல்போன்சு அரசரின் இசைவோடு பதவி துறந்தபோது, அவரை மயோர்க்காவின் ஆயராக்கினார். ஒருவரும் பாலகேரின் முடிவைக் காணவில்லை. முடிவை ஏற்றால் தாம் ஒன்றுமில்லாதவராகிவிடுவோம் என்ற அச்சமே பலரைப் பாறைமேல் நிறுத்தி வைக்கிறது. இறங்கி வருவோர்க்கு ஓர் இருக்கை உண்டு என்று காட்டினால் சிலர் இறங்கி வருவர்.

எல்லாரும் வருவதில்லை. பெனடிக்ட் வரவில்லை. புனிதர் ஒருவரின் முப்பதாண்டு நட்பும் அவரை அசைக்கவில்லை. ஆகவே நம் உறவினரும் கட்டாயம் மனம் மாறுவார் என்று நாம் எவருக்கும் உறுதி கூறுவதற்கில்லை. நம் கையில் இருப்பவை சில கடமைகளே. ஐயத்தைப் பொறுமையோடு கேட்பது. கேட்டபின் உண்மையைத் தனியே சொல்வது. அவர் மனம் நோகும் என்பதற்காகப் பொய்க்கு நம் வாயைக் கடன் தராதிருப்பது. அவர் சொல்வதை மறுக்கும்போதும் அவரை இகழாதிருப்பது. அவர் திரும்பி வரக்கூடிய வழியை நாமே அடைத்துவிடாதிருப்பது. உண்மைக்காக அன்பைக் கொன்றால் நமக்குப் பாலகேர்தான் மிஞ்சும். அன்புக்காக உண்மையை மறைத்தாலோ பெனீஸ்கோலாவில் இன்னொருவராக நாமும் அமர்ந்திருப்போம்.

வின்சென்ட் 1419 ஏப்ரல் 5-ஆம் நாள் பிரெத்தோன் நாட்டின் வான் நகரில், மறையுரைப் பயணத்தின் நடுவே இறந்தார். பெனீஸ்கோலாவின் கடைசிக் கிளமெந்து பதவி துறக்கப் பாறைக்குச் சென்று பேசியவர்களுள், அரகோன் அரசரின் அவையில் பணியாற்றிய அல்போன்சு தெ போர்யா என்னும் சட்ட அறிஞரும் ஒருவர். இவரே பிற்காலத்தில் மூன்றாம் கலிஸ்து என்னும் பெயரோடு திருத்தந்தையானார். 1455-இல் வின்சென்ட் பெரரைப் புனிதராக உயர்த்தியவரும் அவரே. ஒருவர் தொடங்கிய வேண்டுகோளை, அவர் இறந்து பத்தாண்டுகள் கழிந்தபின் இன்னொருவர் போய் முடித்து வைத்தார். நம் காலத்தில் இறங்கி வராத உறவினரிடம் நாம் இன்று பேசும் கனிவான சொல்லும், நமக்குப் பின் வரும் ஒருவர் அதே வாசலில் நின்று பேச உதவும்.